பெரியப்பா பார்த்துவிட்டார்

ஆவணி 11, திங்கள்

விடியலிலேயே வெயில். சோளகக் காற்று. முற்றத்துப் பந்தல் சீலை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. தங்கை மதுவின் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்.

செய்ய வேண்டியவை:
— நெல்லியடித் தையல்காரியிடம் சட்டைகள்
— சுன்னாகத்தில் மரக்கறி, வாழைக்குலை சொல்ல
— நேரலை லிங்க் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு (வீடியோக்காரருக்கு மறுபடி ஞாபகப்படுத்த)
— பெரியப்பா விசயம்

கடைசியானதைத்தான் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

அப்பா வழமை போல ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்து, கனடாவில் இருக்கும் பெரியப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். கையில் போன் வந்த நாளிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. அண்ணனும் தம்பியும் கப்பலில் வேலை பார்த்தவர்கள். வல்வெட்டித்துறைக் கடல் எப்படி இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லாவிட்டால் பொழுது விடியாது. இன்றைய வரி: “அண்ணை, சோளகம். கடல் படுத்திருக்கு.”

இரண்டு நீலச் சரி விழுந்தது. பெரியப்பா பார்த்துவிட்டார். பதில் இல்லை. பன்னிரண்டு நாளாகவே இல்லை.

குற்றவாளி நான். சம்பந்தம் பேசியது பெரியப்பாவுக்குத் தெரியும். ஆனால் நாள் வைத்தால் மூத்தவரிடம் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அவர் ‘ஓம், செய்’ என்ற பிறகுதான் ஊருக்கு. நான் கல்யாணக் காட் அச்சடித்து வந்த சந்தோசத்தில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அப்பா இன்னும் அவருக்குப் போன் எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரியும். ஒரு நிமிசம் கழித்து அழித்தேன். அதற்குள் பதினெட்டுப் பேர் பார்த்தாயிற்று. பெரியப்பாவின் குரல் பதிவு அன்று மாலை அப்பாவுக்கு வந்தது: “எனக்கும் ஊருக்கும் ஒரே அறிவிப்போ, சின்னவன்?” அவ்வளவுதான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆவணி 12, செவ்வாய்

6.10. அப்பா கிணற்றடியில். அவருடைய போன் விறாந்தை மேசையில், சார்ஜில். என் போன் குடும்பக் குழுவில் ஒளிர்ந்தது. பெரியப்பாவின் மகன் ரமணன் அண்ணை: “அப்பா போயிட்டார். நெஞ்சு நோ எண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ளை முடிஞ்சுது. பின்னேரம் ஆறு மணி.” அங்கே இன்னும் திங்கட்கிழமை.

இரண்டு தரம் வாசித்தேன். அழவில்லை. ஓடிப்போய் அப்பாவின் போனை எடுத்து அந்தச் செய்தியை அழித்தேன். பிறகு அவரைக் குழுவிலிருந்தே விலக்கினேன். அழுகைக்கு முன்னால் கை ஓடியது. அதை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

குசினியில் அம்மா பயத்தம் பணியாரத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். மாக்கையாலேயே இரண்டு காதையும் பொத்தினார்.

“சொல்லாதை. வாயாலை சொல்லாதை.”

“அம்மா, பெரிய—”

“நீ வாசிச்சனி. நான் கேக்கேல்லை. கொப்பரும் கேக்கேல்லை.”

அம்மாவின் சட்டம் இதுதான். பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. ஆனால் துடக்கு காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். விழாவிட்டால் இல்லை. நான் கட்டிப்போனவள் என்பதால் என்னை அது பிடிக்காதாம். நான் எவ்வளவும் வாசிக்கலாமாம்.

கணக்குப் பார்த்தேன். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்து நிற்கிறார். முப்பத்தொரு நாள் தள்ளினால் புரட்டாதி, ஒருவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். விசாவால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கல்யாணம். மூன்று வருடமாக மது அந்த மனிதரை வீடியோவில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரமணன் அண்ணைக்கு எடுத்தேன். விக்கி விக்கி அழுதார். அழுது முடிந்ததும், நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

“உங்கை கல்யாணம். எனக்கு விளங்குது. இனி ஒருத்தரையும் குழுவிலை ஒண்டும் போட விடமாட்டன். ஆனா சித்தப்பா முகம் பாக்கோணுமெல்லே. ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறம். லைவ் போகும்.”

ஞாயிறு. கல்யாணமும் ஞாயிறு.

பின்னேரம் தலையிடி. சட்டைகள் எடுக்கவில்லை.

ஆவணி 13, புதன்

காற்று கூடியிருக்கிறது. அப்பா ஐந்து மணிக்குப் படம் அனுப்பினார். செத்தவருக்கு.

நான் முன்னமே எழும்பி, அவர் திரும்பி வரும்வரை வாசலில் கோலம் போடுகிற சாட்டில் இருந்தேன். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“நேற்றையானும் பாக்கேல்லை, இண்டையானும் பாக்கேல்லை. அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ? எடுத்துப் பாப்பமோ?”

“அங்கை இப்ப நித்திரையாயிருக்கும் அப்பா.”

“கப்பல்காரனுக்கு நேரம் சொல்லுறாய். அங்கை இப்ப இரவு எட்டு மணி.”

அந்த நேரம் ஐயர் வீட்டிலிருந்து ஆள் வந்தது, தப்பினேன். ஆனால் மத்தியானம் கட்டாயம் எடுப்பார். யாராவது அழுதுகொண்டு பேசுவார்கள். அதனால் ரமணன் அண்ணைக்கு எழுதினேன்: பெரியப்பாவின் போனை ஒருக்கால் திறந்து, அப்பாவின் செய்திகளைப் பார்த்துவிட்டு மூடுங்கள். நீலம் வந்தால் போதும்.

பிறகு அப்பாவின் போனில் சாம்பல் சரி நான்கும் நீலமாகின.

“பாத்திட்டார்” என்றார் அப்பா. தேத்தண்ணி கேட்டார். சீனி கூடப் போடச் சொன்னார். அரை மணித்தியாலம் எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

பின்னேரம் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா போனும் கையுமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். பேஸ்புக்கில் யாரோ மெழுகுதிரிப் படத்தோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டிருக்கிறார்கள். நான் பாதி வழியில் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனேன்.

“ஐயோ, எனக்குத் தெரியாதோ பிள்ளை? நான் வாயே திறக்கமாட்டன்.”

அவருடைய வாயைப் பற்றி எனக்குப் பயமில்லை. பெருவிரலைப் பற்றித்தான்.

ஆவணி 14, வியாழன்

மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கு. இங்கே பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றினோம். அம்மா செவ்வாய்க்கிழமை சொன்னது: காலூன்றிப் பொன்னுருக்கினால் பிறகு துடக்குத் தடுக்காது, வியாழன்வரை பொறு. இன்று கேட்டேன், இனிச் சொல்லலாமா என்று. “ஞாயிறு மட்டும் பொறு” என்றார். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் பெரியப்பாவின் கையால் சோறு வாங்கித் தின்றவர்தான்.

காலைப் படமும் நீலமாயிற்று. (நான் நேற்றே ரமணன் அண்ணையிடம் சொல்லி வைத்திருந்தேன்.) மாலை அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“சுகமில்லாத மனிசன் போன் பாக்கமாட்டுது. பாக்கிறார். பாத்திட்டுப் பதில் போடுறாரில்லை. அப்ப கோவம்தான்.”

சாம்பலாக இருந்தபோது அவருக்குப் பயம் மட்டும். நீலமாக்கி நான் அவமானத்தையும் கொடுத்தேன்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் போனார். குசினி யன்னல் வழியே கேட்டது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நாலு நிமிசம்.

“அண்ணை, பிழை என்ரை. பிள்ளை சின்னப்பிள்ளைத்தனமாய்ப் போட்டிட்டுது, அதிலை பிழை பிடிக்கக்கூடாது. நான்தான் உங்களுக்கு முதல் எடுத்திருக்கோணும். ஐயா செத்த நாளிலையிருந்து உங்களைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யேல்லை. உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லாமல் நான் பிள்ளையைத் தாரை வாக்கமாட்டன், அண்ணை. ஒரு சொல்லு.”

எனக்கு முப்பத்தாறு வயது. சின்னப்பிள்ளைத்தனம்.

ஆவணி 15, வெள்ளி

ரமணன் அண்ணை எழுதியிருந்தார்: “சித்தப்பாவின்ரை குரலைக் கேட்டன். என்னாலை ஏலாது. இனித் திறக்கச் சொல்லாதை.”

கேட்டதால் அதுவும் நீலமாகிவிட்டது. அப்பாவுக்கு அது தெரிகிறது.

காலைச் சாப்பாடு இல்லை. மத்தியானம் இரண்டு வாய். பட்டுவேட்டி கட்டிப் பார்க்கச் சொன்னால், அம்மாவிடம், “உன்ரை தம்பியைக் கேள், அவர் தாரை வாக்கட்டும்” என்றார். மது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைக்கு மருதாணி வைக்க வந்த பெண் முற்றத்தில் காத்திருக்கிறாள். நாளை மறுநாள் மண்டபத்தில் அறுநூறு பேர்.

இப்போது சொல்லிவிட்டால்? கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால்? கல்யாணம் நடக்கும், பெண்ணின் அப்பா மணவறையில் இருக்க மாட்டார். ஊர் கேட்கும். மாப்பிள்ளை வீடு கேட்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

ரமணன் அண்ணைக்கு எடுத்தேன். பெரியப்பாவின் போனிலிருந்து ஒரேயொரு வரி போடச் சொல்லிக் கேட்டேன்.

“எனக்கு அப்பாவின்ரை வாய் வராது” என்றார். “நீ எழுதி அனுப்பு. நான் போட்டுவிடுறன். என்ரை சொல்லு ஒண்டும் அதிலை இருக்கக்கூடாது.”

அப்பா குளிக்கப் போன நேரம் அவருடைய போனை எடுத்துப் பெரியப்பாவின் பழைய செய்திகளைப் பார்த்தேன். வருடக்கணக்காக. ‘ஓம் சின்னவன்.’ ‘கச்சான் காத்து எழும்பினால் கவனம் சின்னவன்.’ ‘மீன் என்ன விலை சின்னவன்.’ இப்படியொரு அன்பை வேவு பார்ப்பதுபோல் வாசிக்க வேண்டி வந்ததே என்று வெட்கமாக இருந்தது.

எழுதினது: “ஓம் சின்னவன். சந்தோசமாய்ச் செய். நான் பாத்துக்கொண்டிருப்பன்.”

கடைசி வசனத்தை ஏன் சேர்த்தேன் என்று தெரியாது. தானாக வந்தது.

ஆவணி 16, சனி

5.20க்குப் பதில் வந்தது. அப்பா கடற்கரையிலிருந்து வேகமாக நடந்து வந்தார். இந்த வயதில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

“அண்ணை போட்டிட்டார். நேரலையிலை பாத்துக்கொண்டிருப்பாராம்.”

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். மதுவுக்கு. பந்தல்காரருக்கு. என்னிடம் கொடுத்து, “நீ வாசி பிள்ளை” என்றார். என் வரியை நானே வாசித்தேன். குரல் தடுமாறியதை அவர் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டார்.

வேட்டி கட்டிப் பார்த்தார். மூன்று தோசை.

என் கணவர் கொழும்பிலிருந்து விடியற்காலை வந்து சேர்ந்தார். எல்லாம் சொன்னேன். “நீ செய்தது சரிதான்” என்றார். அவர் அப்படிச் சொன்னது ஆறுதலாக இல்லை.

ஆவணி 17, ஞாயிறு

மண்டபம். முகூர்த்தம் தப்பவில்லை. நாதஸ்வரம் நன்று. வடைக்கு உப்பு அதிகம். மது அழகு.

அப்பா தாரை வார்த்தார். வார்க்கும்போது வீடியோக்காரரின் கமராவைப் பார்த்துத் தலையை ஒருக்கால் ஆட்டினார். பெரியப்பாவுக்கு. அதைப் பார்த்தது அம்மாவும் நானும் மட்டும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

மாலை ஏழு மணி. பெண் உடுத்தும் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, கனடாவிலிருந்து வந்த லிங்கைத் திறந்தேன். பெரியப்பா பெட்டிக்குள். கோட்டும் சூட்டும். நெற்றியில் திருநீறு. தேவாரம் பாடினார்கள். என் தலையில் மல்லிகை. கையில் மருதாணி. வெளியே அப்பாவின் குரல்: “பிள்ளை எங்கை? படம் எடுக்கக் கூப்பிடுங்கோ.”

போய் நின்றேன். சிரித்தேன்.

திங்கள்வரை ஒருவரும் ஒரு படமும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். ராசாத்தி அக்கா எட்டு மணிக்கே போட்டுவிட்டார், அப்பா வாய்விட்டுச் சிரிக்கிற படம். லண்டனிலிருந்து அப்பா வழிச் சொந்தம் ஒன்று கீழே எழுதியிருக்கிறது: “அண்ணன் பெட்டியில். தம்பி பந்தியில்.” அதற்கு எத்தனை கைதட்டல்கள்.

ரமணன் அண்ணை ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“உனக்கு ஒண்டு சொல்லோணும். அப்பா கடைசியாய்ப் பாத்தது சித்தப்பாவின்ரை திங்கட்கிழமைப் படம்தான். விரலாலை பெரிசாக்கிப் பாத்தவர். ‘எங்கடை கல்லு இன்னும் கிடக்குது’ எண்டவர். சின்ன வயசிலை ரெண்டு பேரும் ஏறியிருந்து கடல் பாத்த கல்லாம். கோவம் ஒண்டும் இல்லை. கல்யாணத்தண்டைக்கு நான் எடுத்துக் கதைப்பன், அதுவரைக்கும் சின்னவன் கொஞ்சம் தவிக்கட்டும் எண்டு சிரிச்சவர். சித்தப்பாவிட்டைச் சொல்லு.”

ஆவணி 18, திங்கள்

காற்றில்லை. புழுக்கம். பத்து மணிக்குச் சொன்னோம். அம்மா சொல்லத் தொடங்கி முடியாமல் போய், நான்தான் சொன்னேன்.

அப்பா அழவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய் உடுத்திய சாரத்தோடு தலையில் தண்ணீர் வார்த்தார். வாளி வாளியாக. ஈரத்தோடு வந்து கதிரையில் இருந்தார்.

“எப்ப?”

“அங்கை திங்கள் பின்னேரம் ஆறு மணி.”

“எங்களுக்குச் செவ்வாய் விடியப்புறம் மூண்டரை” என்றார். பிறகு போனை எடுத்துச் செவ்வாயிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தார். புதன். வியாழன். குரல் பதிவு. சனிக்கிழமை வரியில் விரல் நின்றது.

“இது ஆர்?”

“நான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களின் செருப்புகள் இரண்டு வாசலில் மாறிக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழ ஆரம்பித்தார்.

நல்லநேரத்துக்கு லைவ் அழியாமல் இருந்தது. போட்டுக் காட்டினேன். “முகத்திலை நிப்பாட்டு” என்றார். நிப்பாட்டினேன். ஈரச் சாரம் காயும்வரை பார்த்தார். நடுவில் இரண்டு முறை திரை அணைந்தது. இரண்டு முறையும் நான் தொட்டு வெளிச்சமாக்கினேன்.

லண்டன்காரர் எழுதியதையும் யாரோ அப்பாவுக்குக் காட்டிவிட்டார்கள். அதன் கீழே நான் எழுதினேன்: “அப்பாவுக்குத் தெரியாது. மறைத்தது நான்.” அதற்குக் கைதட்டல் இல்லை.

ஆவணி 19, செவ்வாய்

பந்தல் பிரித்தார்கள். பலகாரம் மிச்சம், யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. துடக்கு வீட்டுப் பலகாரம்.

அப்பா கடற்கரைக்குப் போகவில்லை. மத்தியானம் பக்கத்தில் போய் இருந்து ரமணன் அண்ணை சொன்னதைச் சொன்னேன். திங்கட்கிழமைப் படத்தைப் பெரியப்பாதான் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், எங்கடை கல்லு இன்னும் கிடக்குது என்றார், கோபமில்லை, கல்யாணத்தன்று எடுக்கவிருந்தார். ஒன்றும் விடாமல். ஒன்றும் சேர்க்காமல்.

அப்பா முழுவதும் கேட்டார்.

“அதையும் நீ எழுதினதோ, பிள்ளை?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். ரமணன் அண்ணையின் குரல் பதிவைப் போட்டுக் காட்டப் போனேன். கையால் மறித்தார். “அவனும் உன்னோடை சேந்தவன்தானே” என்றார்.

பெரியப்பா சொன்னதாக நான் இந்த வாரம் சொன்னதில் அந்தக் கல்லுக் கதை ஒன்றுதான் உண்மை.

ஆவணி 20, புதன்

ஐந்து மணிக்கு அப்பாவின் செருப்புச் சத்தம். கடற்கரைக்குப் போனார். யன்னலால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆறு மணிக்கு வந்து நேரே என்னிடம் வந்தார். திங்களுக்குப் பிறகு முதல்முறை. போனை நீட்டினார். படம், கீழே வரி: “அண்ணை, காத்து விழுந்திட்டுது. கல்லு கிடக்குது.”

“ரமணனிட்டைச் சொல்லு” என்றார். “இதை ஒருத்தரும் திறக்க வேண்டாம்.”

உடனே எழுதினேன். இப்போது மணி பத்து. இரண்டு சரி, சாம்பல்.